யோனாவுக்கு மேல் பெர்த்

பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை என்று சொல்வது, திருச்செந்தூரில் குடியிருந்துகொண்டு கடலே பார்த்ததில்லை என்று சொல்வது மாதிரி. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கின ஊர் இது. எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து மதில். என் ஆச்சி படித்தது சாராள் தக்கரில். இந்தியாவுக்கு வந்தே இராத ஓர் இங்கிலாந்துப் பெண்ணின் பெயரால் எழும்பி, 1895இல் கல்லூரியுமான இடம் அது. தாத்தா மிஷன் வாத்தியார். அம்மா டீச்சர். அந்த வீட்டிலிருந்து வந்த நான் மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் இதைப் பற்றியே பேசுகிறேன். "விடு, பாவம், அவங்க இறங்க வேண்டிய ஸ்டாப் போயிருச்சு" என்று என் வீட்டுக்காரர் முழங்கையால் இடிக்கும்வரை பேசுகிறேன்.

இதில் எனக்குப் பிடித்தது எது என்றால் காலைதான். முதலும் முடிவும் காலை.

சி.எஸ்.ஐ. வீடுகளில் குடும்ப ஜெபம் என்றால் பெரும்பாலும் ராத்திரி ஜெபம். சாப்பிட்டு முடித்து, தூக்கக் கலக்கத்தில், சின்னது பாதி ஜெபத்திலேயே மடியில் சாய்ந்துவிடும். காலையில் யாருக்கு நேரம்? வேன் வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வேன் வருவதில்லை என்பதால் ஜெபம் காலைக்கு மாறியது. ஒரு கீர்த்தனை, ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது, மனன வசனம், ஜெபம். அவசரமே இல்லை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும், அது மட்டும்தான் கெடு.

கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். சின்ன வயதில் நாங்கள் அதைக் கவனித்ததே கிடையாது. நடுவுள்ளவன் அதைத்தான் முதலில் பார்ப்பான். தொடையில் ஆதி தாளம் தட்டிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பான். எழுதினது யார் என்பான். வேதநாயகம் சாஸ்திரியார் என்று சொன்னால் அன்றைக்குச் சரித்திர வகுப்பு அங்கேயே தொடங்கிவிடும். 1774இல் நம்ம திருநெல்வேலியில் பிறந்தவர், 12 வயதில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போனவர், அங்கே சரபோஜி ராஜாவும் இவரும் அந்த ஒரே ஐயரிடம் படித்தார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். "பன்னிரண்டு வயசுல அவங்க அம்மா எப்படிம்மா விட்டாங்க?" என்றான். அவனுக்கும் அப்போது வயது அதை ஒட்டித்தான். எந்தப் பாடப்புத்தகத்துப் பயிற்சி வினாவிலும் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை.

கடைக்குட்டி எழுத்துக் கூட்டிப் படித்ததே வேதாகமத்தில்தான். அதனால் அவன் பேச்சில் ஒரு சங்கடம் உண்டு. வாசலில் காய்காரம்மா வந்து நின்றால் உள்ளிருந்து ஓடிப்போய், "அம்மாவுக்கு இன்னைக்கு முருங்கைக்காய் வாங்கச் சித்தமில்லையாம்" என்பான். அக்கா கிள்ளினால் "இவள் எனக்கு விரோதமாய் எழும்பினாள்" என்று புகார் வரும். காய்காரம்மாவுக்கு இவனைப் பார்க்காவிட்டால் வியாபாரமே ஓடாது.

எங்களுக்கு வழிகாட்டியவர் ஷார்லட் மேசன் என்ற ஆங்கிலேய அம்மையார். 1842இல் பிறந்து 1923இல் மறைந்தவர். இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் ஆம்பிள்சைடு என்ற சிற்றூரில் ஆசிரியைகளுக்குப் பயிற்சிக்கூடம் நடத்தியவர். அவருடைய 'ஹோம் எஜுகேஷன்' 1886இல் வெளிவந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் கிறிஸ்தவ வீட்டுப் பள்ளிக்காரர்கள் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர். "பிள்ளை பெறாதவ சொல்லைக் கேட்டா பிள்ளை வளர்க்கே?" என்று என் மாமியார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அம்மையார் சொன்னது அவ்வளவு எளிது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. கோனார் உரை மாதிரி சாரமெடுத்ததைக் கொடுக்காமல், எழுதியவர் ரசித்து எழுதிய நல்ல புத்தகத்தையே கொடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும். பிறகு பிள்ளை தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டுக் குடையக் கூடாது. தினமும் வெளியே கூட்டிப்போக வேண்டும்.

அந்தத் திருப்பிச் சொல்லுதல் இருக்கிறதே, அய்யோ! அதற்காகவே இந்த வாழ்க்கையை இன்னொரு முறை வாழலாம். ஒரு தடவைதான் வாசிப்போம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிற அழகைப் பார்க்க வேண்டும். யோனா புத்தகத்தின் முதல் அதிகாரத்தை வாசித்து முடித்தேன். கடைக்குட்டி எழுந்து நின்றான். "யோனாகிட்ட ஆண்டவர் நினிவேக்குப் போன்னாரு. அவன் யோப்பாவுக்குப் போயி தர்ஷீசுக்கு டிக்கெட் எடுத்தான். ரிசர்வேஷன் இருந்துச்சு. மேல் பெர்த். ஏறிப் படுத்துட்டான். காத்து அடிக்கி, எல்லாரும் சாமானைத் தூக்கி வெளிய எறியிறாங்க, இவன் எந்திரிக்கவே இல்ல, டிடிஆர் வந்து எழுப்புறாரு..." நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரம் பெரியப்பா வீட்டுக்குப் போய்வந்தவனுக்குக் கப்பலும் அப்படித்தான் இருக்கும். மூத்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டாள். ஆனால் கவனியுங்கள்: கட்டணம் கொடுத்தது, தூங்கினது, சரக்கை எறிந்தது, கப்பல் தலைவன் வந்து எழுப்பினது, ஒன்றையும் அவன் விடவில்லை. வரிசையும் மாறவில்லை. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை ஆரம்பித்தபோது வீடு இரண்டு நாள் ஓயவில்லை. குருவுக்கு என் வீட்டுக்காரர் சாயல் இருப்பதாக மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அமெரிக்கப் பயிற்சிப் புத்தகக் கட்டுகளை நான் வாங்குவதில்லை. விலை ஒரு பக்கம் இருக்கட்டும். ஜனவரியில் பனிமனிதன், செப்டம்பரில் ஆப்பிள் பறிப்பு. கத்தரி வெயிலில் திருநெல்வேலிப் பிள்ளை பனிமனிதனுக்கு மூக்கு வரைந்தால் எனக்கு வேர்க்கிறது.

மாமியாரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். முதலில் வேவு பார்க்க வந்தார்கள். பிறகு இலக்கணம் எனக்கு வராது என்று கண்டுபிடித்து அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். இப்போது மத்தியானத் தூக்கத்தை ஒத்திவைத்து, பேத்திக்கு அளபெடை சொல்லிக்கொடுக்கிறார்கள். கணக்கு என் வீட்டுக்காரருடையது, சாயங்காலம், பல நேரம் சமையல்கட்டில். கைப்பிடி அரிசி தெரியுமா? உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென்று தனிப் பானையில் போடுவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். யார் கையால் போடுவது என்று பிள்ளைகளுக்குள் தகராறு வந்தது. தராசை எடுத்தார்கள். அப்பாவின் பிடி எவ்வளவு, கடைக்குட்டியின் பிடி எவ்வளவு, மாசத்துக்கு எவ்வளவு வித்தியாசம், சபையில் எல்லா வீட்டிலும் போட்டால் எத்தனை மூட்டை என்று பேப்பர் முழுக்கப் பெருக்கல். அந்த அரிசி எங்கே போகிறது என்ற கேள்வியில் 1903க்குப் போனோம். அந்த வருஷம் நம்ம ஊரில்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் கூட்டாளிகளும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அந்த மனுஷர் 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி தோர்ணக்கல்லுக்குப் போனார். தோர்ணக்கல் எங்கே? தெலங்கானாவில். மேப்பை விரித்தாகிவிட்டது. அன்றைக்கு உலை வைக்கவே மணி பன்னிரண்டு!

ஆற்றோடு நாங்கள் போன பயணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து, தமிழ்நாட்டைத் தாண்டாமலே கடலில் சேர்கிற நதி. அதன் கடைசிப் பகுதியை ஒரு புதன்கிழமை காரில் பிடித்தோம். ஆம், புதன்கிழமை! ஊர் முழுக்க வகுப்பில் இருக்கும்போது, கூட்டமில்லாத சாலையில், புளிச்சாதத் தூக்கோடு. முதலில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோன மேடு. இப்போது அங்கே அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே, கிடந்த இடத்திலேயே முதுமக்கள் தாழிகள். நடுவுள்ளவன் கண்ணாடியில் குப்புறப் படுத்துவிட்டான். "இவங்கல்லாம் யாரும்மா?" "நம்ம ஆட்கள்தான்." அதற்குமேல் நான் ஒன்றும் விளக்கவில்லை.

பிறகு கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்றைக்கு வாழைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு கிராமம். கடல் எங்கே என்று பிள்ளைகள் தேடினார்கள். ஆறு கொண்டுவந்த மண் தூர்த்துத் தூர்த்துக் கடலை ஆறேழு கி.மீ. தள்ளிவிட்டது. வண்டல் படிவது என்ற பாடத்தைப் படம் போட்டு நடத்தத் தேவையே இல்லை, அதன்மேலேயே நின்றுகொண்டிருந்தோம். இந்தக் கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களில் கால்டுவெல் ஐயரும் ஒருவர் என்றதும் மூத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினவர் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

கடைசியாகப் புன்னைக்காயல். ஆறு கடலோடு சேருமிடம். வள்ளங்கள், வலை உலர்த்துகிற மணல். இந்தக் கரையில்தான் மிஷனரி அண்ட்ரிக் அடிகளார் இருந்து தமிழ் படித்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாகி, இந்திய எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகங்களின் வரிசையில் நிற்கிறது. 'அடியார் வரலாறு' 1586இல் இதே புன்னைக்காயலில் அச்சானது. அன்றைக்கு ஓலையில் எழுதுகிறவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள் என்று சொன்னேன். உடனே மணலில் குச்சியால் புள்ளியில்லாத தமிழ். ஒருவர் எழுத மற்றவர் வாசிக்க வேண்டும். தம்பி "அககா ஒரு குரஙகு" என்று எழுதினதை அக்கா ஒரு நொடியில் வாசித்துவிட்டுத் துரத்தினாள். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஊசியை வைத்துவிட்டு வந்து, தன் பெயரையும் புள்ளியில்லாமல் எழுதிப் பார்த்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லோரும் கேட்பதால் சுருக்கமாக: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் ஒரு பிரிவும் இல்லை. வீட்டுப் பள்ளிக்கு என்று தனி அனுமதியும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நாங்கள் நடமாடுகிறோம். பரீட்சைக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம். வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதித் தீர்த்தாலும் செல்லும். மூத்தவள் தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியலோடு ஓவியத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். ஓவியத்துக்கும் பரீட்சையில் மார்க் உண்டு என்பதை என் அம்மா இன்னும் நம்பவில்லை. எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு ஆள் சம்பளத்தில் வண்டி ஓட வேண்டும், ஒரு பெரிய ஆள் பகல் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும்.

"பிள்ளைகள் யாரோட பழகும்?" இந்தக் கேள்விக்கு எங்கள் கிராமத்து அசனத்துக்கு வாருங்கள் என்பேன். பிரதிஷ்டைப் பண்டிகையில் பந்தி பந்தியாக ஊரே உட்காரும். நடுவுள்ளவன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, எழுபது வயதுக்காரரையும் ஏழு வயதுக்காரியையும் "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டுக்கொண்டே போவான். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பர் ராத்திரிகளில் கீத பவனி. பழக்கத்துக்கு என்ன குறை? தன் வயதுக்காரர்களோடு மட்டுமே பழகுவதுதான் எனக்கு விநோதமாகத் தெரிகிறது.

எங்கள் அடுத்த பயணம் கூந்தன்குளத்துக்கு. மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் ஜனவரியில் குளத்தில் இருக்கும். நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும், யாரும் விரட்டமாட்டார்கள். மூன்று பேரும் இயற்கைக் குறிப்பேட்டில் பக்கத்தைக் கோடு போட்டுத் தயாராக வைத்திருக்கிறார்கள். வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது. காலை நாலே முக்காலுக்குக் கிளம்புவோம். டிபன் எங்களுடையது, பைனாகுலர் மட்டும் ஒன்று கொண்டுவந்தால் போதும். போகும் வழியில் யார் பேசினாலும் கடைக்குட்டி அதைத் திருப்பிச் சொல்வான், கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.