எள்ளப்படுபவர் யார்?

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். எள்ளல் எனில், எள்ளப்படுபவர் யார் என்பதே திறனாய்வின் முதல் வினா.

2011இல் வெளிவந்த ‘டியூக் நியூகெம் ஃபாரெவர்’ என்னும் கணினி விளையாட்டின் நாயகன், சண்டைப்பட வீரர்களின் பகடி வடிவம் என்பர். அவனுடைய உயிர்வலிமைக்குச் சூட்டிய பெயரே ‘ஆணவம்’. கண்ணாடியில் தன்னைக் கண்டு வியந்தால் அது வளரும். இங்கே சிரிப்பு வீரனைச் சுடுகிறது, பகடி வெல்கிறது.

ஆனால், அதே விளையாட்டின் குழுப்போட்டி ஒன்றில், கொடிக்குப் பதிலாகப் பெண்ணைத் தோளில் தூக்கிச் செல்லவேண்டும். அவள் பார்வையை மறைத்தால் தட்டி அடக்கவேண்டும். இங்கே எள்ளப்படுபவன் வீரன் அல்லன், பரிசுப்பொருளாகிவிட்ட பெண்ணே. பகடி என்னும் போர்வை இவ்விழிவை மறைக்காது. ஆணவத்துக்கு வெற்றிப்புள்ளி வழங்கிவிட்டு, அதனை நகையாடினோம் என்பது பொருந்துமோ?