கருக்கிய சர்க்கரை

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பக்கத்து வீடுகளில் ஈஸ்டருக்குச் சுடும் கேக்கின் கருமை, கருக்கிய சர்க்கரையிலிருந்து வருவது. முந்திரியையும் திராட்சையையும் பாராட்டுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கோ கேக்கின் உயிரே இதுதான். அடி கனத்த பாத்திரத்தில் சர்க்கரையை மட்டும் போட்டு மிதமான தீயில் வைத்தால், முதலில் ஓரம் கசியும். பொன்னிறமாகும், பிறகு செம்பழுப்பு. அங்கேயே இறக்கினால் வெறும் தித்திப்பு. நுரை பொங்கி, மெல்லிய புகை எழுந்து, மூக்கில் லேசாகக் கசப்புத் தட்டும்வரை பொறுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கரி. சரியான நொடியில் வெந்நீரை ஊற்றியதும் 'சொய்ங்' என்று சீறி அடங்கும். இந்தப் பதம் கடிகாரத்துக்குப் பிடிபடாது; அம்மாச்சிகளின் மூக்குக்குப் பிடிபடும்.

ஈஸ்டருக்கு முன் ஐம்பது நோன்பு பிடிக்கும் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் அத்தனை நாளும் முட்டை கிடையாது. அதனால் ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனியன்று முட்டை அடிக்கும் சத்தத்துக்கே ஒரு களிப்பு உண்டு. வெள்ளைக்கரு மேகம்போல எழும்பி நிற்க வேண்டும். மாவில் சேர்க்கும்போது அகப்பையை அடியிலிருந்து மேலாகத் திருப்ப வேண்டும், கிளறக் கூடாது. மட்டாஞ்சேரி மசாலாக் கடைகளில் வாங்கிய ஜாதிக்காயை அப்போதே துருவிப் போட்டால் அடுப்படி முழுக்க மணக்கும். அடுப்பில் ஏற்றிய பிறகு மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குவதும் கைப்பக்குவத்தில் சேர்த்திதான். ஈர்க்குச்சியால் குத்தி, மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. சூட்டோடு வெட்டினால் உதிரும். நள்ளிரவில் பாதிராப் பூசை முடிந்து, அப்பமும் ஸ்டூவும் ஆன பிறகு வெட்டினால் துண்டு துண்டாக அழகாக வரும்.