தாய் தெய்வமா? தந்தை உடைமைக்காரனா?

மதுவுக்கு அடிமையான மனைவியிடமிருந்து மகவை மீட்டுத் தருக எனத் தந்தையொருவன் மன்றம் ஏறினால், ஊர் இரு கூறாகிக் கூச்சலிடுகிறது. "பெற்றவளிடமிருந்து பிரிப்பதா?" என்கிறது ஒரு சாரார் கூட்டம், "குடிகாரிக்குக் குழந்தை எதற்கு?" என்கிறது மற்றொன்று. குழந்தைக்கு எது நலம் எனக் கேட்போர் எத்தனை பேர்?

1956ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டத்தை நாம் புரட்டிப் பார்க்கிறோம். தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகே தாய் என்கிறது 6ஆம் பிரிவு. தந்தையாதிக்க வாடை வீசவில்லையா? 'பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டுமே பொருளன்று என 1999இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. சொல்லோ அப்படியே நிற்கிறது. ஐந்து வயது நிரம்பாக் குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்பதும் அதே பிரிவுதான். இரண்டையும் வெல்வது 13ஆம் பிரிவு: குழந்தையின் நலனே தலையாயது. அதுவே நமக்கு அளவுகோல்.

போதையடிமை ஒரு நோய். ஆயினும் தாயின் நோய்க்காகச் சேய் பட்டினி கிடக்கலாமா? ஆகவே தந்தையின் வழக்கை நாம் வெறுக்கவில்லை, வினவுகிறோம். குடிக்கும் தந்தையரிடமிருந்து குழந்தைகளைக் காக்க இந்த வேகம் ஏன் எழவில்லை? நீர் கேட்பது குழந்தையையா, மனைவிக்குத் தண்டனையையா? ஊட்டி, உறங்கவைத்து, பள்ளிக்கனுப்பச் சித்தமா? மருத்துவம் பெற்று அவள் தேறி வந்தால் கதவைத் திறப்பீரா? காவல் ஆணை கல்வெட்டன்று. சூழல் மாறினால் மன்றம் அதனையும் மாற்றும்.

'ஆம்' என்பவனிடம் குழந்தை வளரட்டும். தாய்மை தெய்வமும் அன்று, தந்தைமை பட்டாவும் அன்று; இரண்டும் பொறுப்பு!