இறக்கிய வண்டி ஏன் திரும்ப மறுக்கிறது

கொடைக்கானல் மலைச்சாலையில் வார இறுதியானால், தரையை உரசும் அளவுக்கு இறக்கிய ஸ்விஃப்டும் போலோவும் கண்ணில் படுகின்றன. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டும் ஆசையோடு செய்த வேலை இது. இறக்கினால்தான் வளைவில் பிடிக்கும், காட்ரோட்டிலிருந்து பெருமாள்மலை வரை ஏற்றிப் பார்த்தாகிவிட்டது என்கிறார்கள் அவற்றை ஓட்டுபவர்கள்.

அவர்கள் செய்வதில் சரியானதும் உண்டு. முன்சக்கர இழுவைக் காரில் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னால் இருக்கிறது. இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன் டயர்களின் தலையில்தான். ஆகவே பின்பக்கத்தை இறுக்கி அண்டர்ஸ்டீரை, அதாவது திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் முன்பக்கம் வெளியே வழுக்குவதை, குறைப்பது நல்ல வழி. பின்னால் உள்பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழுந்தாலும் கெடுதல் இல்லை.

என் மறுப்பு உயரத்தைப் பற்றியது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. என்று கொள்வோம். 4 செ.மீ. இறக்கினால், வளைவில் வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடை சுமார் 7 சதவீதம் குறையும். லாபம் அவ்வளவே. இந்த இரண்டு கார்களிலும் முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். இறக்கியதும் கீழ் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்துவிடுகிறது. அப்போது, பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருள் மையம், ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், அதே ஸ்பிரிங்கில் பாடி முன்பைவிட அதிகம் சாயப் பார்க்கும். போதாததற்கு, சக்கரம் மேலே எழும்போது கீழ் பால் ஜாயின்ட் உள்ளே இழுபடுகிறது. டயர் வெளிவிளிம்பில் நிற்கிறது. இறக்கி, வளைவுகளில் வேகமாக ஓட்டிய வண்டிகளின் முன் டயரைக் கையால் தடவிப் பாருங்கள்: வெளித்தோள் பிசிறடித்திருக்கும், உள்பக்கம் புதுசாக இருக்கும்.

சாய்வை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் போடுகிறார்கள். கையில் காசில்லாதவர் இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டிவிடுகிறார். ஷாக் மட்டும் கம்பெனி ஷாக். அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அதனால் அடக்க முடியாது. மீதமிருக்கும் அசைவோ சில சென்டிமீட்டர். வளைவின் நடுவில் வெளிப்பக்க ஸ்ட்ரட், அசைவின் எல்லையில் இருக்கும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் முன்பக்கம் திடீரெனக் கல்லாகிறது. முன் வெளி டயர் தாங்காமல் வழுக்குகிறது. எந்த அண்டர்ஸ்டீரைப் போக்கப் புறப்பட்டார்களோ அதையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

இறக்கினால் பிடிக்கும் என்பதற்கு மலைச்சாலையைச் சாட்சிக்கு அழைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பேருந்தும் காய்கறி லாரியும் எதிரே வரும் கொண்டை ஊசி வளைவில் யாரும் டயரை அதன் எல்லைக்குக் கொண்டுபோக முடியாது, கூடவும் கூடாது. இரண்டாம் கியர் ஏற்றத்தில் இடுப்புக்குத் தெரிவது விறைப்பு மட்டுமே, பிடிமானம் அல்ல. மழைக்குப் பின் ஒட்டுப்போட்ட தாரில் சக்கரம் தத்தித் தத்திப் போவதைக்கூட 'ரேஸ் ஃபீல்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இதை செட்டப் என்று அழைக்கவே எனக்கு மனம் வரவில்லை. இது அலங்காரம்.

ஷாக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டேகைக் கட்டிவிட்டு டிராக்கில் சில சுற்றுகள் ஓட்டினால் போதும், எவ்வளவு அசைவு தீர்ந்தது என்பதை அது காட்டிவிடும். டேக் பம்ப் ஸ்டாப் வரை ஏறியிருந்தால் வண்டியைத் திரும்ப உயர்த்துங்கள். பால் ஜாயின்டைக் கீழே தள்ளி ஆர்மின் கோணத்தைச் சரிசெய்துவிட்டு, அதன்பின் இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.