ஆங்கில மரபுத்தொடர்களும் ஓர்வெல்லின் விதியும்

ஆங்கிலம் கற்கும் மாணவர் அம்மொழியின் மரபுத்தொடர்களைப் பெரும்பாலும் பட்டியல்களாகவே எதிர்கொள்கின்றனர். இடப்புறம் தொடர், வலப்புறம் பொருள். இவற்றை மனனஞ்செய்து கட்டுரையில் ஆங்காங்கே பெய்துவிட்டால் நடை சிறக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றியுள்ளது. இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை, 1946 இல் ‘ஹொறைசன்’ சஞ்சிகையில் வெளிவந்த ‘அரசியலும் ஆங்கில மொழியும்’ என்ற கட்டுரையில் ஜோர்ஜ் ஓர்வெல் மேற்கொண்டார். அச்சிற் கண்டு பழகிய உருவகத்தையோ உவமையையோ ஒருபோதும் கையாளலாகாது என்பது அவர் வகுத்த ஆறு விதிகளுள் முதலாவது.

ஓர்வெல்லின் வாதம் வலுவானது. ஆயத்தமாகக் கிடைக்கும் தொடர்கள் எழுதுவோனுக்குப் பதிலாகத் தாமே சிந்திக்கத் தொடங்கிவிடுகின்றன; கிராமங்கள் மீது குண்டு வீசுவதுங்கூட ‘அமைதிப்படுத்தல்’ என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றது. ‘ரோ த லைன்’ என்ற தொடரையும் அவர் எடுத்துக்காட்டுவார். கோட்டிலே கால்விரல் பொருந்த நிற்றல் என்பது அதன் சொற்பொருள். கட்டளைக்குப் பணிதல் என்பது வழக்குப்பொருள். ஆனால், கால்விரலைக் குறிக்கும் சொல்லுக்குப் பதிலாகக் கட்டியிழுத்தலைக் குறிக்கும் ஒலியொத்த சொல்லை எழுதுவோர் உளர். அவர்களது மனக்கண்ணில் எக்காட்சியும் இல்லை.

எனினும், காட்சி தெரிதலே தகுதிக்கு அளவுகோலாகுமா? ‘பை அன்ட் லாஜ்’ என்பது பாய்க்கப்பலோட்டிகளின் வழக்கு. காற்றை எதிர்கொண்டு செல்லல், காற்றுக்கு இசைந்து செல்லல் ஆகிய இரண்டையும் அது சுட்டியது. பாய்க்கப்பலைக் கண்டறியாதவரும் இன்று அதனைப் ‘பெரும்பாலும்’ என்ற பொருளிற் பிழையின்றி வழங்குகின்றனர். இவ்வாறு உயிர்ப்பிழந்து சாதாரண சொல்லாகிவிட்ட உருவகங்களை ஓர்வெல்லும் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அவற்றுக்கும் செத்துக்கொண்டிருக்கும் உருவகங்களுக்கும் இடையிலான எல்லையைத் தாய்மொழியாளர் செவியால் உணர்வர். இரண்டாம் மொழியாகக் கற்பவர் எங்ஙனம் அறிவார்? ஓர்வெல்லின் விதி இவ்வினாவுக்கு விடை தருவதில்லை.

இவ்விடத்தில் எச். டபிள்யூ. பௌலர் நமக்குத் துணையாகின்றார். 1926 இல் வெளிவந்த அவரது ஆங்கில வழக்கு அகராதியில் ‘வார்ப்பிரும்பு மரபு’ எனவும் ‘அடிபட்டுத் தேய்ந்த அணிகள்’ எனவும் பொருள்படும் இரு வேறு தலைப்புகள் உள்ளன. மரபின் மாறா வடிவம் வேறு, பகட்டுக்காகச் சூடும் அணி வேறு என்ற தெளிவை இப்பாகுபாடு தருகின்றது.

‘கிக் த பக்கெற்’ என்ற தொடரை நோக்குவோம். 1785 இல் பிரான்சிஸ் குறோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதியிலேயே அது இறத்தல் என்ற பொருளில் இடம்பெற்றுள்ளது. பட்டியலை மனனஞ்செய்த மாணவர் இப்பொருளை அறிவார். ஆனால் வாளியைப் பன்மையாக்கினாலோ வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக்கினாலோ அப்பொருள் சிதறிவிடும் என்பதையும், அனுதாபக் கடிதமொன்றில் அத்தொடரை எழுதுவது அவமதிப்பாகும் என்பதையும் பட்டியல் அவருக்குச் சொல்வதில்லை.

ஆகவே பொருள், வடிவம், சந்தர்ப்பம் ஆகிய மூன்றையும் ஒருங்கே அறிந்தவரே மரபுத்தொடரை அறிந்தவராவார். அவ்வறிவு பட்டியலாலன்றி வாசிப்பாலேயே வாய்க்கும். அதன் பின்னரே ஓர்வெல்லின் எச்சரிக்கை பயன்தரும்: தொடர் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக எழுதுகிறோமா, சொல்லவேண்டியது இருப்பதால் எழுதுகிறோமா? இவ்வினாவை எழுப்பாத நடை எம்மொழியிலும் வெறுமையானதே.