வாயிலோன் வேடம்

நாடகம் பார்த்துத் திரும்புவோர் தலைமை மாந்தரைப் பற்றியே பேசுவர். சிலப்பதிகார நாடகமாயின் கண்ணகியின் சினமும் பாண்டியனின் வீழ்ச்சியும் நெஞ்சில் நிற்கும். அவ்விருவருக்கும் இடையே நின்று ஒரு செய்தியைச் சுமந்து வந்தவனை எவரும் நினைப்பதில்லை. அவனுக்குப் பெயரும் இல்லை; 'வாயிலோன்' என்பதே அவன் அடையாளம். எனினும் அவன் இல்லையேல் வழக்குரை காதை நடந்தேறாது. சிறு வேடம் என்பது யாது, அதன் பெருமை எதில் உள்ளது என்ற வினாக்களுக்கு அவனே தக்க விடையாகிறான்.

வாயிலோன் செய்வது என்ன?

கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து நிற்கிறாள். முறை தவறிய மன்னனின் வாயில் காப்பவனே என்று அவனை விளிக்கிறாள். ஒற்றைச் சிலம்பை ஏந்திக் கணவனை இழந்தவள் ஒருத்தி வாயிலில் நிற்கிறாள் என அறிவிக்குமாறு பணிக்கிறாள். அவன் உள்ளே செல்கிறான். முதலில் மன்னனைப் பலவாறு வாழ்த்துகிறான். பின்னர், வந்திருப்பவள் கொற்றவை அல்லள், காளி அல்லள், தாருகன் மார்பைப் பிளந்தவளும் அல்லள் என்று தெய்வங்களை ஒவ்வொன்றாக விலக்கி, கணவனை இழந்த பெண் ஒருத்தி என முடிக்கிறான்.

இங்கு மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. கண்ணகி மன்னனைப் பழித்த சொற்களை அவன் அவையில் கூறவில்லை. அது பணியாளனின் அடக்கம். அவள் அறிவிக்கச் சொன்ன சிலம்பையும் இழப்பையும் மறைக்கவில்லை. அது அவன் நேர்மை. தெய்வங்களைச் சுட்டியதோ அவள் கேட்டுக்கொண்டதன்று. அவன் கண்டு நடுங்கியதன் விளைவு. அடக்கம், நேர்மை, அச்சம் ஆகிய மூன்றையும் ஒரே உரையில் காட்ட வேண்டிய வேடத்தைச் சிறியது என்று எவ்வாறு கூறுவது? இதற்குச் சற்று முன்னர்த்தான் கோப்பெருந்தேவி தான் கண்ட தீக்கனாவை மன்னனிடம் உரைத்திருக்கிறாள். அக்கனவின் பொருள் வாயிலில் வந்து நிற்பதை அவைக்கும் அவையோர்க்கும் முதலில் உணர்த்துபவன் இவனே. உணர்த்திய பின் அவன் காட்சியிலிருந்து மறைந்துவிடுகிறான்.

இதனோடு ஒப்பிடத்தக்கவன் சேக்சுபியரின் 'மெக்பெத்' நாடகத்தில் வரும் சேட்டன். அரசி இறந்தாள் என்ற செய்தியை ஒரே வரியில் கூறுபவன் அவன். வாழ்வின் வெறுமை பற்றி மெக்பெத் பேசும் புகழ்பெற்ற உரை அவ்வொரு வரியிலிருந்தே பிறக்கிறது. அவ்வரி பொய்யாக ஒலித்தால் அடுத்து வரும் பேருரையும் வேரற்றுப் போகும். இந்நாடகத்தைத் தமிழாக்கித் தந்த சிங்கப்பூர் எழுத்தாளர் புதுமைதாசன் என்பது தமிழ் மாணவர் அறிய வேண்டியது.

இளங்கோவடிகளின் நோக்கு

துணை நிற்போரை மதிக்கும் நோக்கு அடிகளிடம் வேறோரிடத்திலும் புலப்படுகிறது. அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலை உடனே காட்டிவிடாமல், ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே வகுக்கிறார். அரங்கின் அளவும் மூவகை எழினியும்கூட இடம்பெறுகின்றன. பலரின் தேர்ச்சி ஒருத்தியின் ஆடலில் கூடுகிறது என்பதே இதன் உட்பொருள்.

மிகையும் அளவும்

சிறு வேடத்தின் சிறப்பைப் பேசும்போது ஓர் இடரையும் சுட்டவேண்டும். கிடைத்த ஒரு நிமிடத்தில் அவையைத் தன்பால் ஈர்த்துவிட எண்ணி, உரக்கக் கத்தியும் தேவையற்ற சேட்டைகள் செய்தும் காட்சியைக் கெடுப்போர் உண்டு. வேடத்தைப் பெரிதாக்கப் போய் நாடகத்தைச் சிறிதாக்கிவிடுகின்றனர். ஈடுபாடு வேறு, ஆரவாரம் வேறு.

இவ்வேறுபாட்டை உணர நாகேஷின் வாழ்வு உதவும். இரயில்வேயில் எழுத்தராக இருந்த காலத்தில் ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சிறிது நேரமே தோன்றினார். நாடகத்தைக் காண வந்திருந்த எம்.ஜி.ஆர். அந்நடிப்பைத் தனியே எடுத்துப் பாராட்டினார். பின்னர்ப் பெரும்புகழ் எய்திய அதே நாகேஷ், 1994இல் வெளிவந்த 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார். உரையாடல் இல்லை, கண்ணசைவு இல்லை. முன்னதில் உடல் முழுதும் துடித்தது. பின்னதில் உடல் முழுதும் அடங்கியது. இரண்டிலும் வேடம் வேண்டியதைத் தந்தாரேயன்றித் தம் திறமையை விளம்பவில்லை. புகழ் வந்த பின்னும் அசையாது கிடக்க இசைந்த உள்ளமே கலைஞனின் உள்ளம்.

சிங்கப்பூர்ச் சூழல்

இக்கருத்துச் சிங்கப்பூர்த் தமிழர்க்குப் பெரிதும் பொருந்தும். 1952இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் மேடைகளாயினும், 1988இல் தோன்றிய ரவீந்திரன் நாடகக் குழுவாயினும், பகலில் வேறு தொழில் பார்த்து மாலையில் ஒத்திகைக்கு வந்தோரின் உழைப்பை நம்பியே இங்கு நாடகம் வளர்ந்தது. வானொலியில் புதுமைதாசனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' புகழ்பெற்ற காலத்தில், இரண்டு வரி பேசுபவரும் முகத்தின் துணையின்றிக் குரலொன்றாலேயே ஓர் ஆளாக உருப்பெற வேண்டியிருந்தது. சிறு சமூகத்தில் எல்லாரும் தலைவனாக நடிக்க விரும்பினால் மேடையே இராது.

1970களில் அடுக்குவீட்டு நகரமாக எழுந்த ஆங் மோ கியோவில், ஒரு பள்ளியிலோ சமூக மன்றத்திலோ வழக்குரை காதை நாடகமாகிறது எனக் கொள்ளலாம். கண்ணகியும் பாண்டியனும் முதல் நாளே முடிவாகிவிடுவர். எஞ்சிய மாணவன் ஒருவனிடம் வேலைக் கொடுத்து, "நீ வாயிலோன், வந்து சொல்லிவிட்டுப் போனால் போதும்" என்று ஆசிரியர் கூறிவிட்டால், அச்சொல்லிலேயே அவ்வேடம் இறந்துவிடும். தான் மிச்சம் என்ற எண்ணம் அவன் நெஞ்சில் பதியும். தமிழ் மேடையிலிருந்து அவன் விலகிச் செல்வதற்கும் அதுவே தொடக்கமாகலாம். மாறாக, அவன் அவளிடம் கேட்டது எது, அவையில் சொல்லாமல் விட்டது எது, ஏன் விட்டான் என்று அவனையே ஆராயச் செய்தால், வகுப்பில் காப்பியத்தை மிக நுட்பமாகக் கற்றவன் அவனாகவே இருப்பான். வாயிலுக்கும் அரியணைக்கும் இடையே அவன் நடக்கும் சில அடிகளில் ஒரு நாட்டின் ஊழ் நடக்கிறது என்பதையும் அவன் உணர்வான்.

ஒரு நாடகக் குழுவின் தரத்தைத் தலைமை நடிகரைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. பேசாத நேரத்தில் வாயிலோன் எவ்வாறு நிற்கிறான் என்பதைப் பார்த்தால் போதும். அக்குழு நாடகத்தை மதிக்கிறதா, கைதட்டலை மதிக்கிறதா என்பது விளங்கிவிடும்.