கைமாறும் புரோட்டான்

குளிர் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் மூலக்கூறுகள். நாம் இழுக்கும் மூச்சோடு ஒப்பிட்டால் வெறும் வெளி. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் இந்த இருண்ட முகில்களில் வேதிவினையே நடக்காது என்றுதான் தோன்றும். நடக்கிறது. அதில் பெரும்பகுதியைத் தொடங்கிவைப்பது ஒரு புரோட்டான் கைமாறும் நிகழ்ச்சி. வேதியியலில் இவ்வளவு நேர்த்தியான காரியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காஸ்மிக் கதிர் ஒன்று முகிலைத் துளைத்துப் போகையில் ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கிறது. எலெக்ட்ரானை இழந்த அந்த மூலக்கூறு இன்னொரு ஹைட்ரஜன் மூலக்கூறோடு மோதும்போது, மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த நேர் அயனி பிறக்கிறது. முக்கோணத்தின் முனைகளில் மூன்று புரோட்டான்கள். அவற்றைக் கட்டிவைக்க இரண்டே எலெக்ட்ரான்கள்! ஒரு புரோட்டானைக் கொடுத்துவிட எப்போதும் தயார். எதிரே கார்பன் மோனாக்சைடு வந்தால் போதும், அயனியின் மின்புலமே அதை இழுத்துக்கொள்ளும். ஏறிக் கடக்க ஆற்றல் மேடு எதுவும் இல்லை. அதனால் குளிர் தடையாவதில்லை. புரோட்டான் கார்பன் பக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் மூன்றும் நேர்கோட்டில் நிற்கும் ஃபார்மைல் அயனி தயார்.

அதன் சுழற்சி கடைசிப் படி இறங்கும்போது 89.19 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ கோடு எழுகிறது. 1970-இல் லூயிஸ் ஸ்னைடரும் டேவிட் பியூலும் அதை வானில் கண்டார்கள். யாருடையது என்று தெரியாமல் 'எக்ஸ்-ஓஜென்' என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டில் ஹார்வர்டின் வில்லியம் கிளெம்பரர் சொன்னார்: இது ஃபார்மைல் அயனி. பூமியில் அந்தக் கோட்டை அதுவரை எவரும் அளந்திருக்கவில்லை. பிறகு எப்படிச் சொல்ல முடிந்தது? ஹைட்ரஜன் சயனைடைப் பாருங்கள்: அதற்கும் 14 எலெக்ட்ரான், இதற்கும் 14, அதுவும் நேர்கோடு, இதுவும் நேர்கோடு. அதன் கோடு 88.63-இல், இதன் கோடு அடுத்த வீட்டில். 1975-இல் விஸ்கான்சினில் கிளவுட் வுட்ஸ் குழு மின்னிறக்கக் குழாயில் அந்த அயனியை உண்டாக்கி அளந்தது. கிளெம்பரர் சொன்னது சரி.

புரோட்டானைக் கொடுத்த முக்கோண அயனியோ ரேடியோவில் அகப்படாது; அதன் மின்னேற்றம் அவ்வளவு சமமாகப் பரவியிருக்கிறது. அகச்சிவப்பில்தான் தேட வேண்டும். அந்த நிறமாலையை 1980-இல் ஆய்வகத்தில் முதன்முதலில் பதிவு செய்தவர் டகேஷி ஓகா. விண்மீனிடை முகிலில் அதே அயனியை ஹவாயிலிருந்த தொலைநோக்கியால் அவரும் தாமஸ் கெபாலும் கண்டறிந்து அறிவித்தது 1996-இல்.